அமெரிக்கா மெடிகேய்ட் வேய்வர் பத்தி தெரிஞ்சவங்க இருக்கீங்களா? அக்கா பையனுக்காக கேக்கறேன்

தண்ணிமல_தம்பி

வணக்கம் எல்லாருக்கும். நான் பினாங்கு, ஆயர் ஈத்தாம் பக்கம். இங்க பெரும்பாலும் ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை), ஜேகேஎம் (சமூகநலத் துறை) உதவித்தொகை, பிடிகே சென்டர் (ஊனமுற்றவங்களுக்கான பகல்நேர மையம்) பத்திதான் பேசறோம்னு தெரியும், ஆனா பழைய பதிவுங்கள பாத்தப்போ அமெரிக்கால இருந்துட்டு வந்தவங்க ஒன்னு ரெண்டு பேரு இருக்கீங்கன்னு தெரிஞ்சிச்சு, அதான் இங்கயே கேட்டுடலாம்னு.

எங்க அக்கா ஹூஸ்டன்ல இருக்காங்க. மச்சான் தமிழ்நாட்டுக்காரர், ஐடி வேல. ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு வந்தாச்சு. பையன் அங்கயே பொறந்தவன், ஏழு வயசு, செரிப்ரல் பால்சி. நடக்க மாட்டான், பேச மாட்டான், சிரிப்பான் நல்லா. வயித்துல டியூப் வச்சிருக்கு, பால் அது வழியாதான், ராத்திரி பம்ப்ல ஓடும். ஃபிட்ஸும் உண்டு. சின்ன புள்ளையா இருந்தப்போ தூக்கிட்டு போயிட்டாங்க, இப்ப இருபது கிலோவுக்கு மேல ஆயிட்டான், கட்டில்லேர்ந்து குளிக்கிற நாற்காலிக்கு மாத்தறதுக்கே அக்காவுக்கு முதுகு போயிடுது. அக்கா வேலைய விட்டுட்டாங்க.

மெடிகேய்ட் (கம்மி வருமானக்காரங்களுக்கு அங்க அரசாங்கம் குடுக்கற மருத்துவ உதவி) கேட்டு எழுதினப்போ மச்சான் சம்பளம் ஜாஸ்தின்னு ரிஜெக்ட் ஆயிடுச்சி. அதோட விட்டுட்டாங்க. இப்ப அங்க கோயில்ல ஒருத்தவங்க சொன்னாங்களாம், வேய்வர்னு ஒன்னு இருக்கு, அதுல அப்பா சம்பளத்த பாக்கவே மாட்டாங்க, வீட்டுக்கு நர்ஸ் வருவாங்க, ரேம்ப் கட்டி குடுப்பாங்கன்னு. மச்சான் நம்ப மாட்டேங்கிறார், “சும்மா எவனும் குடுக்க மாட்டான்”ங்கறார். இது உண்மையா? உண்மைன்னா எங்க போய் எழுதறது? அக்காவுக்கு உக்காந்து தேட நேரமே இல்ல அதான் நான் தேடறேன், தேடத் தேட சுருக்கெழுத்தா வருது தல சுத்துது.

செந்தூல்காரி

தம்பி, கோயில்ல சொன்னது உண்மைதான். மச்சான்கிட்ட சொல்லுங்க.

நாங்க டாலஸ் பக்கம் ரொம்ப வருஷம் இருந்துட்டு மாமியாருக்கு முடியலன்னு கேஎல் வந்துட்டோம், எங்க மகளுக்கு ஆட்டிசம், அவ பேரு டெக்சஸ் லிஸ்ட்ல இருந்துச்சு. அதனால நான் பட்டு தெரிஞ்சிக்கிட்டத சொல்றேன்.

மொதல்ல இது எப்படி வந்துச்சுன்னு புரிஞ்சா மத்தது சுலபமா புரியும். 1980 சமயத்துல ஐயோவா மாநிலத்துல கேட்டி பெக்கெட்னு ஒரு சின்ன பொண்ணு, கைக்குழந்தையா இருக்கறப்போவே மூளைல வைரஸ் காய்ச்சல் வந்து மூச்சுக்கு மெஷின் வேணும்னு ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிலயே கெடந்தா மெடிகேய்ட் பில்லு கட்டும், வீட்டுக்கு கூட்டிட்டு போனா அப்பா அம்மா சம்பளம் கணக்குல வந்து உதவி நின்னுடும். வீட்ல பாத்தா செலவும் கம்மி, ஆனாலும் சட்டம் அப்படி. 1981ல அதிபர் ரீகன் பத்திரிகைக்காரங்க முன்னாடி இந்த பொண்ணு கதைய சொல்லி இது என்ன கூத்துன்னு கேட்டார். அதே வருஷம்தான் சமூகப் பாதுகாப்பு சட்டத்துல 1915(சி)ங்கற பிரிவும் வந்துச்சு, இன்னைக்கு இருக்கற வேய்வர்ல பெரும்பாலும் அந்தப் பிரிவுல ஓடறதுதான். மறு வருஷம் டெஃப்ரான்னு, அப்பா அம்மா வருமானத்த பாக்காம மெடிகேய்ட் குடுக்கற இன்னொரு வழியும் தொறந்தாங்க, அதைத்தான் கேட்டி பெக்கெட் ஆப்ஷன்னு சொல்றாங்க, ஆனா அது மாநிலம் இஷ்டப்பட்டா எடுக்கலாம்.

ஆக அடிப்படை கணக்கு இதுதான்: இந்தப் புள்ள நர்சிங் ஹோம்லயோ ஆஸ்பத்திரிலயோ இருக்க வேண்டிய அளவுக்கு கஷ்டத்துல இருக்கா? இருக்குன்னா, அங்க போடறதுக்கு பதிலா வீட்லயே வச்சு பாக்க மெடிகேய்ட் காசு குடுக்கும். புள்ள நர்சிங் ஹோம்ல இருந்தா அப்பா சம்பளத்த பாக்க மாட்டாங்கல்ல, அதே கணக்க வீட்டுக்கும் போடறாங்க. அதனால புள்ள பேர்ல இருக்கற வருமானம், புள்ள பேர்ல இருக்கற சொத்து மட்டும்தான் கணக்கு. ஏழு வயசு பையனுக்கு என்ன வருமானம் இருக்கப் போவுது. இந்த “லெவல் ஆஃப் கேர்” ங்கறது பாஸ் ஆகணும், அதுதான் முக்கியம், டியூப் ஃபீடிங், ஃபிட்ஸ் ரெண்டும் இருக்கறதால நல்ல கேஸ்னுதான் தோணுது, ஆனா முடிவு அவங்க அசெஸ்மென்ட்தான்.

இப்ப கசப்பான பகுதி. சாதா மெடிகேய்ட்னா தகுதி இருந்தா குடுத்தே ஆகணும், வேய்வர் அப்படி இல்ல. ஒவ்வொரு மாநிலமும் இத்தன பேருக்குதான்னு எண்ணிக்கை வச்சிருக்கு. மீதி பேரு லிஸ்ட்ல நிப்பாங்க. நாடு முழுக்க ஆறு லட்சம் பேருக்கு மேல நிக்கறாங்க, அதுல டெக்சஸ் பெரிய கூட்டம். நம்ம ஊர்ல பிபிஆர் (அரசாங்க மலிவு வீடு) வீட்டுக்கு பேரு எழுதி வச்சிட்டு காத்திருக்கற மாதிரிதான் வச்சிக்கோங்க, என்ன, அங்க எம்பி ஆபீஸ்ல போய் நின்னாலும் நகராது.

அதனால இன்னிக்கே பேரு எழுத சொல்லுங்க. டெக்சஸ்ல பேரு எழுதறப்போ தகுதி எதுவும் பாக்க மாட்டாங்க, சம்பள சிலிப் கேக்க மாட்டாங்க, டாக்டர் லெட்டர் வேணாம். ஒரு போன்தான். பேரு எழுதின தேதிதான் வரிசை. இடம் வர்றப்போதான் எல்லாத்தையும் தோண்டுவாங்க.

டெக்சஸ்ல ஒரே லிஸ்ட் கெடையாது, பல லிஸ்ட். எம்டிசிபின்னு ஒன்னு, 21 வயசுக்குள்ள உள்ள, மருத்துவ ரீதியா ரொம்ப முடியாத புள்ளைங்களுக்கு, உங்க அக்கா பையனுக்கு இதுதான் மொதல்ல பாக்க வேண்டியது. கிளாஸ்னு ஒன்னு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு இல்லாம வேற மாதிரி குறைபாடு உள்ளவங்களுக்கு, செரிப்ரல் பால்சி அதுல வரும். இது ரெண்டுக்கும் மாநில சுகாதாரத் துறை எச்எச்எஸ்சி லிஸ்ட் நம்பர்ல கூப்பிட்டு பேரு குடுக்கணும். எச்சிஎஸ், டெக்சஸ் ஹோம் லிவிங், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களுக்கான இது ரெண்டும் வேற வாசல், அந்த கவுண்டில லிட்டான்னு ஒரு ஆபீஸ் இருக்கும், அங்க எழுதணும். எல்லா லிஸ்ட்லயும் ஒரே நேரத்துல பேரு இருக்கலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. எச்சிஎஸ்ல பத்து வருஷத்துக்கு மேல நிக்கறவங்க நெறைய பேரு, எம்டிசிபி அதவிட சீக்கிரம் நகரும்.

போன் பண்ணிட்டு பேரு பதிவான தேதிய எழுத்துல வாங்கி வச்சிக்க சொல்லுங்க. வீடு மாறினா, போன் நம்பர் மாறினா உடனே சொல்லணும், லெட்டர் வந்து பதில் போகலைன்னா பேர எடுத்துடுவாங்க.

பாகான்டாலாம்_அண்ணன்

எதுக்கு இவ்ளோ கஷ்டம் லா. பத்து வருஷம் லிஸ்ட்ல நிக்கறதுக்கு இங்கயே வந்துட சொல்லு. ஓகேயு கார்டு எடுத்தா கவர்மென்ட் ஆஸ்பத்திரில காசு இல்ல, படுத்த படுக்கையா இருந்தா பாத்துக்கறவங்களுக்கு ஜேகேஎம் மாசம் 500 வெள்ளி (ரிங்கிட்) குடுக்குது, ஸ்கூல் போனா மாசம் 150 வெள்ளி அலவன்ஸ், வரி கட்டறவனா இருந்தா ஊனமுற்ற புள்ளைக்கு தனி கழிவு இருக்கு. அம்மா அப்பா பக்கத்துல இருக்காங்க, ஒரு மெய்ட் வச்சா போதும். அங்க தனியா கெடந்து சாவுறதுக்கு.

செந்தூல்காரி

அண்ணே கோச்சிக்காதீங்க, ஆனா 500 வெள்ளி எதுக்கு பத்தும்? என் மகளுக்கு தெரபிக்கு ஒரு மணி நேரத்துக்கு கேக்கற காசு உங்களுக்கும் தெரியும். அதோட குடும்ப வருமானம் பாத்துதான் அந்த 500, மச்சான் இங்க வந்து ஐடி வேல பாத்தா கெடைக்காமயும் போகலாம். அங்க எம்டிசிபி கெடைச்சா என்னென்ன வரும்னு பாருங்க: அம்மா அப்பா கொஞ்சம் தூங்கறதுக்கு ஆள் வந்து பாத்துக்கிற ரெஸ்பிட் நேரம், பாத்ரூம் இடிச்சு பெருசு பண்றது, ரேம்ப், சில சாமான்கள், இது எல்லாத்தவிட முக்கியம் அந்த வேய்வர் மூலமா முழு மெடிகேய்டும் வந்துடும். இங்க அந்த மாதிரி வீட்டுக்கு வந்து மணிக்கணக்கா பாத்துக்கிற ஆள அரசாங்கம் குடுக்கறது இல்ல. பிடிகேக்கு நாமதான் தூக்கிட்டு போகணும். பிடிகே டீச்சருங்கள நான் கொற சொல்ல மாட்டேன், அவங்க சம்பளத்துக்கு அவங்க பண்றதே பெருசு.

ஈப்போரோடு_கலா

அண்ணன் சொல்றதுல இன்னொரு சிக்கல் இருக்கு. பையன் அங்க பொறந்தவன், அப்பா மலேசியன் இல்ல. வெளிநாட்டுல மலேசிய அம்மாவுக்கு பொறந்த புள்ளைக்கு குடியுரிமை தானா வராது, அப்பா மலேசியனா இருந்தாதான் வரும்னு இருந்துச்சு. 2024 அக்டோபர்ல டேவான் ராக்யாட்ல (நாடாளுமன்ற மக்களவை) அத மாத்தி திருத்தம் பாஸ் பண்ணாங்க, அம்மா வழியாவும் வரும்னு, ஆனா அது ஏற்கெனவே பொறந்த புள்ளைங்களுக்கு பின்னாடி போய் சேராது. அவங்க அரசியலமைப்பு 15(2) பிரிவுல விண்ணப்பம்தான் போடணும், அது எந்த காலத்துல வரும்னு ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) கவுன்டர்ல நிக்கறவங்கள கேட்டா தெரியும். நம்ம நாட்டுல ரெட்டை குடியுரிமையும் கெடையாது. அமெரிக்க பாஸ்போர்ட்ட வச்சிக்கிட்டு சோஷியல் விசிட் பாஸ்ல வந்து நின்னா ஓகேயு கார்டும் இல்ல, ஜிஎச்ல (அரசாங்க ஆஸ்பத்திரி) வெளிநாட்டுக்காரர் ரேட்டு. இத யோசிக்காம மூட்டைய கட்டிட்டு வந்துட்டா ரெண்டு பக்கமும் இல்லாம போயிடும்.

பாகான்டாலாம்_அண்ணன்

அது எனக்கு தெரியாது. சரி சரி.

நைட்ஷிப்ட்_மணி

நான் பங்சார் சவுத்ல அமெரிக்கா மெடிக்கல் பில்லிங் பாக்கற கம்பெனில இருக்கேன், ராத்திரி முழுக்க இந்த மெடிகேய்ட் கிளெய்ம்தான் என் சோறு. செந்தூல் அக்கா சொன்னது சரி, நான் ரெண்டு மூனு சேத்துக்கறேன்.

ஒன்னு, மச்சானோட கம்பெனி இன்சூரன்ஸ கேன்சல் பண்ணிடாதீங்க. மெடிகேய்ட் எப்பவும் கடைசியா கட்டற ஆளு. மொதல்ல தனியார் இன்சூரன்ஸ் கட்டும், அவங்க விட்டது, கோபே, டிடக்டிபிள்னு நம்ம கைலேர்ந்து கட்டற பங்கு, அவங்க கவர் பண்ணாத டயப்பர் மாதிரி விஷயம், அத மெடிகேய்ட் எடுத்துக்கும். சில பேரு மெடிகேய்ட் வந்ததும் புள்ளைய கம்பெனி பிளான்லேர்ந்து எடுத்துடறாங்க, அப்புறம் நல்ல நியூரோ டாக்டர் மெடிகேய்ட் மட்டும் வச்சிருந்தா பாக்க மாட்டேன்னு சொல்றப்போ முழிப்பாங்க.

ரெண்டு, 21 வயசுக்குள்ள உள்ளவங்களுக்கு இபிஎஸ்டிடின்னு ஒரு விதி. எந்த வழியாவது புள்ளைக்கு மெடிகேய்ட் வந்துடுச்சின்னா, மருத்துவ ரீதியா தேவைன்னு டாக்டர் எழுதினா, நர்சிங், தெரபி, வீல்சேர் இதெல்லாம் மாநிலம் குடுத்தே ஆகணும், இதுக்கு லிஸ்ட் கெடையாது, இத்தன பேருக்குதான்னு சொல்ல முடியாது. வேய்வர்ல தனியா வர்றது ரெஸ்பிட், வீட்ட மாத்தி கட்டறது இந்த மாதிரி. ஜனங்க எல்லாத்தையும் வேய்வர்னு நெனச்சிக்கிட்டு உக்காந்துடறாங்க, ராத்திரி நர்சே இபிஎஸ்டிடில கேக்கலாம். உங்க அக்கா கேஸ்ல பிரச்சன என்னன்னா மெடிகேய்டுக்குள்ள நுழையற கதவே வேய்வர்தான், அப்பா சம்பளத்தால. அதனால அவங்களுக்கு லிஸ்ட்தான் மொதல் வேல.

மூனு, ரிஜெக்ட் லெட்டர் வந்தா அதோட விட்டுடறது நம்மாளுங்க பழக்கம். ஒவ்வொரு லெட்டர்லயும் கடைசில ஃபேர் ஹியரிங் (மேல்முறையீட்டு விசாரணை) கேக்கற உரிமை, எத்தன நாளைக்குள்ள கேக்கணும்னு இருக்கும். அந்த பக்கத்த மொதல்ல படிக்க சொல்லுங்க. அசெஸ்மென்ட்ல ஃபெயில்னு வந்த கேஸ்ல டாக்டர் லெட்டர் சரியா இல்லாததாலயே போனது நெறைய.

அந்த டெஃப்ரா வழி டெக்சஸ்ல இல்ல, அதனாலதான் அங்க எம்டிசிபிக்கு இவ்ளோ கூட்டம்.

தண்ணிமல_தம்பி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்காகிட்ட வாட்சப்ல அனுப்பிட்டேன், அங்க காலைல எழுந்ததும் போன் பண்றேன்னு வாய்ஸ் போட்டிருக்காங்க. மச்சான் ஒன்னும் சொல்லல, ஆனா கேட்டி பெக்கெட் பத்தி தேடிப் படிச்சாராம்.

இன்னும் சில விஷயம். எங்க அம்மா வருஷா வருஷம் போய் அஞ்சாறு மாசம் இருந்து பேரன பாத்துட்டு வருவாங்க, விசிட்டர் விசாதான். வேய்வர்ல சொந்தக்காரங்களையே பாத்துக்கிற ஆளா போட்டு சம்பளம் குடுப்பாங்கன்னு யாரோ சொன்னாங்க, அம்மா பேர போடலாமா? அப்புறம் அப்பா ரிட்டயர் ஆகப் போறார், இபிஎஃப் (ஓய்வுக்கால சேமநிதி) நாமினிய மாத்தி பேரன் பேர்ல போடறேன், அவனுக்குன்னு ஒரு எஃப்டியும் போடறேன்னு நிக்கறார். “எங்க காலத்துக்கு அப்புறம் அவனுக்கு ஒரு பிடிமானம் வேணும்”ங்கறார். அது நல்லதுதான?

இன்னொன்னு, மச்சானுக்கு பிட்ஸ்பர்க்ல வேற கம்பெனில ஆஃபர் வந்திருக்கு. லிஸ்ட்ல பேரு எழுதிட்டு மாறினா என்ன ஆகும்?

செந்தூல்காரி

அம்மா பேர போடாதீங்க!! இத பெருசா எழுதறேன்னு நெனச்சிக்கோங்க. சொந்தக்காரங்களுக்கு சம்பளம்ங்கறது பல மாநிலத்துல உண்மைதான், கலிபோர்னியால ஐஎச்எஸ்எஸ்ங்கற வீட்டுக் கவனிப்புத் திட்டத்துல பெத்த அம்மாவுக்கே குடுக்கறாங்க, ஆனா வாங்கறவங்களுக்கு அங்க வேல செய்ய அனுமதி இருக்கணும். விசிட்டர் விசால போய் காசு வாங்கினா அது வேல செஞ்ச கணக்கு. அதுவும் இந்த வீட்டு வேலைக்கு இப்ப போன்ல ஆப் வச்சு எத்தன மணிக்கு வந்த, எங்க இருந்த, எத்தன மணிக்கு முடிச்சன்னு பதிவு பண்ணணும், 2016ல போட்ட சட்டம் அது. அம்மா பேர்ல அந்த பதிவெல்லாம் இருந்து அடுத்த தடவ ஏர்போர்ட்ல ஆபீசர் கேட்டா என்ன சொல்வாங்க? விசாவே போயிடும், அப்புறம் பேரன கண்ணால பாக்க முடியாது. அம்மா பாட்டியா போய் பேரனோட இருந்துட்டு வரட்டும்.

இமிகிரேஷன் பத்தி பேச்சு வந்ததால சொல்றேன், பையன் அமெரிக்க குடிமகன், உதவி அவன் பேர்லதான், அக்கா மச்சான் பேர்ல இல்ல. கிரீன் கார்டுக்காரங்களுக்கு இருக்கற அஞ்சு வருஷ காத்திருப்பும் அவனுக்கு இல்ல. உதவி வாங்கினா சிட்டிசன்ஷிப்புக்கு இடைஞ்சலாகும்னு மச்சான் பயப்படறார்னா சிட்டிசன்ஷிப்புக்கு பாக்கற வக்கீல்கிட்டயே ஒரு வார்த்த கேட்டுக்கட்டும், மனசு நிம்மதியா இருக்கும்.

ஈப்போரோடு_கலா

அப்பா விஷயத்துக்கு நான் சொல்றேன், நான் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவ, எங்க அக்கா மகளுக்கும் அங்க வேய்வர் ஓடுது, அதனால இத நாங்க உக்காந்து அலசிட்டோம்.

பேரன் பேர்ல ஒரு காசும் போடக் கூடாது. கேக்க கஷ்டமாதான் இருக்கும். வேய்வர்ல புள்ள பேர்ல இருக்கற சொத்து பெரும்பாலும் 2,000 டாலருக்குள்ள இருக்கணும், அதாவது நம்ம காசுக்கு சில ஆயிரம் வெள்ளிதான். முஸ்லிம் அல்லாதவங்க இபிஎஃப்ல நாமினி போட்டா அந்த காசு நாமினிக்கே சொந்தமாயிடும். தாத்தா கண்ண மூடற அன்னைக்கு பேரனுக்கு ஒரு லட்சம் வெள்ளி வந்து சேரும், மறு மாசம் அவனுக்கு மெடிகேய்ட் போயிடும், நர்ஸ் போயிடுவா, தெரபி நின்னுடும், அந்த லட்சம் வெள்ளி அமெரிக்கா செலவுக்கு எத்தன நாளைக்கு வரும்? எஃப்டியும் அப்படித்தான், மலேசியா பேங்க்தான யாருக்கு தெரியப் போவுதுன்னு நெனைக்காதீங்க, அமெரிக்க குடிமகன் பேர்ல வெளிநாட்டு அக்கவுண்ட் எல்லாம் சேத்து 10,000 டாலர் தாண்டினா தனியா அறிக்கை குடுக்கணும், ஏழு வயசு புள்ளையா இருந்தாலும் சரி. மறைச்சா பெத்தவங்க தலைலதான் விழும்.

வழி இருக்கு. சுலபமான வழி, அப்பா உங்க அக்கா பேர்ல நாமினி போடட்டும், பெத்தவங்க சொத்து இந்த கணக்குல வராது. அதவிட நல்ல வழி, அக்கா அங்க ஒரு வக்கீல வச்சு ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் எழுதி வைக்கறது. தாத்தா, மாமா, யாரு காசு குடுத்தாலும் அந்த டிரஸ்டுக்கு போகும், டிரஸ்டி பையனுக்கு வேணுங்கறத வாங்கி குடுப்பார், பையன் கைல காசு வராது, அதனால அவன் சொத்தா எண்ண மாட்டாங்க. மத்தவங்க காசுல போட்ட டிரஸ்டா இருந்தா அவன் காலத்துக்கு அப்புறம் மாநிலம் மிச்சத்த எடுத்துக்கவும் முடியாது. புள்ளையோட சொந்த காச, விபத்து நஷ்டஈடு மாதிரி, போட்ட டிரஸ்ட்னா எடுத்துக்கும், ரெண்டும் வேற வேற. சின்ன தொகைக்கு ஏபிள் அக்கவுண்ட்னு ஊனமுற்றவங்களுக்கான சேமிப்புக் கணக்கு ஒன்னும் இருக்கு, பொறந்தநாளுக்கு அத்தை மாமா குடுக்கற காசுக்கு அது சரி.

அப்பாகிட்ட நீங்க சொல்றப்போ “பேரன் பேர எடுத்துடுங்க”ன்னு மொட்டையா சொல்லாதீங்க, எங்க அத்திம்பேர் அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு மாசம் பேசல. அவனுக்குன்னே ஒரு டிரஸ்ட் இருக்கு, உங்க காசு அங்க போவுது, உங்க பேரே அதுல இருக்கும்னு சொல்லுங்க. மத்த சொந்தங்களுக்கும் சொல்லி வைங்க, ஊர்ல யாராவது உயில்ல ஆசையா அவன் பேர எழுதி வச்சிடுவாங்க.

நைட்ஷிப்ட்_மணி

பிட்ஸ்பர்க் பத்தி நான் சொல்றேன், இதுக்கு எனக்கு ரொம்ப புடிச்ச பதில் இருக்கு.

பொதுவா வேய்வரும் லிஸ்டும் மாநிலத்தோட ஒட்டினது. டெக்சஸ்ல பத்து வருஷம் நின்னுட்டு வேற மாநிலம் போனா அங்க கடைசி ஆளா மறுபடி நிக்கணும். அமெரிக்கால இத தெரியாம நல்ல சம்பளம்னு மாறிட்டு தவிக்கற குடும்பம் நெறைய. ஆனா பிட்ஸ்பர்க் பென்சில்வேனியால இருக்கு, பென்சில்வேனியா இந்த விஷயத்துல தனி. அங்க 18 வயசுக்குள்ள உள்ள, சோஷியல் செக்யூரிட்டி வச்சிருக்கற ஊனத்துக்கான அளவுல வர்ற புள்ளைங்களுக்கு அப்பா அம்மா வருமானத்த பாக்காமலே மெடிகேய்ட் குடுக்கறாங்க, பிஎச்95ன்னு சொல்வாங்க. வேய்வர் லிஸ்ட்ல நிக்காமலே. மெடிகேய்ட் கைக்கு வந்துட்டா நான் மேல சொன்ன இபிஎஸ்டிடி தொறந்துடும், நர்ஸ், பெர்சனல் கேர், வீல்சேர், பாத்ரூம் நாற்காலி. அங்க எல்லாம் தங்கமா இருக்குன்னு சொல்லல, நர்சிங் மணி நேரம் அப்ரூவ் ஆனாலும் வர்றதுக்கு நர்ஸ் கெடைக்கறது பெரிய பாடு, நான் பாக்கற கிளெய்ம்லயே அப்ரூவ் ஆனதுல பாதி நேரம் ஆள் போகாம காலியா கெடக்கறது உண்டு. டெக்சஸ்லயும் அதே கததான்.

என்னைய கேட்டா மச்சான் ஆஃபர் லெட்டர்ல சம்பளத்த விட இதத்தான் மொதல்ல எடை போடணும். குளிரு இருக்கும், அது ஒன்னுதான்.

இன்னொன்னு, 2025 ஜூலைல கையெழுத்தான பெரிய சட்டத்துல மெடிகேய்டுக்கு மத்திய அரசு குடுக்கற காச நல்லா கொறச்சிருக்காங்க. நர்சிங் ஹோம் மெடிகேய்ட்ல கட்டாயம், வீட்டு வேய்வர் மாநிலத்தோட விருப்பம், அதனால காசு பத்தலன்னா மாநிலம் மொதல்ல எங்க கை வைக்கும்னு சொல்ல வேணாம். லிஸ்ட் வேகமா நகரும்னு எதிர்பாத்து திட்டம் போட வேணாம்.

தண்ணிமல_தம்பி

மணி அண்ணே இது எங்களுக்கு தெரியவே தெரியாது. மச்சான் அந்த ஆஃபர வேணாம்னு சொல்லப் போறேன்னுதான் இருந்தார், ஹூஸ்டன்ல கோயில் பக்கம், தமிழாளுங்க நெறையன்னு. இப்ப அக்கா அவர விட மாட்டாங்கன்னு நெனைக்கறேன். அப்ப டெக்சஸ் லிஸ்ட்ல எழுத வேணாமா?

செந்தூல்காரி

எழுதுங்க. போறது உறுதியாகற வரைக்கும் பேரு அங்க நிக்கட்டும், காசா பணமா.

எங்க போனாலும் அசெஸ்மென்ட் ஒன்னு உண்டு, அதப் பத்தி ஒரு வார்த்த சொல்லாம இருக்க முடியல. வீட்டுக்கு நர்ஸ் வந்து உக்காந்து கேப்பாங்க. நம்மாளுங்க என்ன பண்ணுவோம், ஆள் வர்றாங்கன்னா வீட்ட கூட்டிப் பெருக்கி, புள்ளைக்கு நல்ல சட்ட போட்டு பவுடர் அடிச்சு, டீ போட்டு, முறுக்கு வச்சு, “இவன் ரொம்ப சமத்து, ஒன்னும் தொந்தரவு இல்ல, நாங்க பாத்துக்கறோம்”னு சொல்லுவோம். அந்த நர்ஸ் அதையே எழுதிட்டு போயிடுவா. எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பத்துல அம்மா தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சளி உறிஞ்சறாங்க, நர்ஸ் “நைட்ல தூங்குவானா”ன்னு கேட்டதுக்கு அப்பா “ஓ நல்லா தூங்குவான்”னு சொன்னார், ஏன்னா எழுந்திருக்கிறது அவர் இல்ல. அதனால அசெஸ்மென்ட் அன்னைக்கு அக்கா பேசட்டும்.

அதுக்கு முன்னாடி ஒரு நோட்டு போட சொல்லுங்க. ஃபிட்ஸ் எப்ப வந்துச்சு, எவ்ளோ நேரம், என்ன மருந்து குடுத்தாங்க, அதுக்கப்புறம் எப்படி இருந்தான். பம்ப் எத்தன தடவ அலாரம் அடிச்சு எழுந்தாங்க. டியூப் எப்ப கழண்டுச்சு, யாரு போட்டாங்க, எமர்ஜென்சி போனாங்களா. தூக்கறதுக்கு எத்தன பேரு வேணும். வாந்தி வந்தா தலைய யாரு திருப்பி புடிக்கணும், புடிக்கலன்னா என்ன ஆகும். டாக்டர் லெட்டர்லயும் வெறும் “செரிப்ரல் பால்சி”ன்னு நோய் பேரு மட்டும் இருந்தா பிரயோஜனம் இல்ல, என்ன கவனிப்பு, எத்தன மணிக்கொரு தடவ, அது இல்லன்னா உயிருக்கு என்ன ஆபத்து, இந்த மூனும் இருக்கணும். அக்காவே ஒரு பக்கம் எழுதி கிளினிக்ல குடுத்தா டாக்டருங்க பெரும்பாலும் அதப் பாத்து எழுதிக் குடுத்துடுவாங்க.

மோசமான நாள சொல்றது புள்ளைய விட்டுக் குடுக்கறது இல்ல. அக்காவுக்கு அது கஷ்டமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு.

பாகான்டாலாம்_அண்ணன்

தம்பி, உங்க அம்மா முதுகு எப்படி? அவங்களும்தான தூக்கறாங்க. பேரன தூக்கறதுக்கு ஹோயர் லிப்ட்னு ஒரு மெஷின் இருக்கு, எங்க அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப பழசா ஒன்னு வாங்கினோம், துணில வச்சு தூக்கி அப்படியே நாற்காலில எறக்கிடும். அங்க கம்பெனி இன்சூரன்ஸ்லயே கேட்டு பாக்க சொல்லுங்க, லிஸ்டுக்கு காத்திருக்க வேணாம்.

நைட்ஷிப்ட்_மணி

அண்ணன் சொல்றது நல்ல பாயின்ட். பேஷன்ட் லிப்ட் நெறைய பிளான்ல கவர் ஆகும், டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் வேணும், பையன் எடை, தூக்கறவங்க உடல்நிலை ரெண்டையும் அதுல எழுதணும். மாட்டேன்னு சொன்னா அந்த மறுப்ப எழுத்துல வாங்கி வைங்க தம்பி, மெடிகேய்ட் வந்ததும் அந்த பேப்பர் இருந்தாதான் அவங்க கட்டுவாங்க.

தண்ணிமல_தம்பி

சரி அண்ணே, அக்காவுக்கு அனுப்பிட்டேன். எச்எச்எஸ்சிக்கு போன் போட்டுட்டாங்களாம், எம்டிசிபி, கிளாஸ் ரெண்டுலயும் பேரு ஏறிடுச்சு, லிட்டாவுக்கு திங்கக்கிழம கூப்பிடறாங்க. அப்பாகிட்ட டிரஸ்ட் விஷயத்த கலா அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன், “பத்திரத்துல என் பேர தமிழ்ல போடுவாங்களா”ன்னு கேக்கறார்.